பழசை மறந்த தண்ணீர்

மூக்கக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தண்ணீர்க் கம்பெனியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளி முதல் லோடு ஏற்றுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் மூக்கக்காதான். அந்த மூக்கு பார்வைக்கு ஒன்றும் பிரமாதம் இல்லை. சப்பையாக, நுனியில் ஒரு மருவோடு இருக்கும். கேலிக்கு வைத்த பெயர் போல என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரு நாள் சிரிப்பார்கள். காரணம் தெரிந்ததும் மறுநாள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

வீடுகளுக்கும் கடைகளுக்கும் போகிற பெரிய தண்ணீர்க் கேன்கள் காலியானதும் கம்பெனிக்குத் திரும்பி வரும். வருகிற கேன் எல்லாம் சுத்தமாக வரும் என்று நினைத்தால் உங்களைப் போல ஏமாளி யாரும் இல்லை. ஒருவர் அதில் பினாயிலைக் கரைத்து வைத்திருப்பார். இன்னொருவர் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வந்திருப்பார். பெயின்டர் மண்ணெண்ணெய் ஊற்றி பிரஷ்ஷை ஊறப்போட்டிருப்பார். அப்புறம் பாலைக் குடித்த பூனை மாதிரி ஒரு அலசு அலசித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எத்தனை சோப்பு போட்டாலும் பிளாஸ்டிக் அந்த வாடையை விடாது. அதில் நல்ல தண்ணீரை நிரப்பினால் குடிக்கிறவர் வாயில் அது மறுபடி கிளம்பி வரும். அதனால் கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொரு கேனையும் யாராவது மோந்து பார்த்தாக வேண்டும். அதற்கென்றே வாசல் ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. மோப்பப் பெஞ்சு என்பார்கள். அதில் உட்கார்ந்து ராஜாங்கம் நடத்தியவள் மூக்கக்கா.

மூடியைத் திறந்து கேனைத் தன் பக்கம் சாய்ப்பாள். அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. உள்ளே அடைந்து கிடந்த காற்று வெளியே வரும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு இழுப்பு. "ஏத்து" என்றால் கழுவப் போகும். "தள்ளு" என்றால் கம்பியால் ஓட்டை போட்டுப் பழைய பிளாஸ்டிக் மூட்டையில் எறிந்துவிடுவார்கள். அப்பீல் கிடையாது. இரண்டு கேனுக்கு நடுவில் தன் முழங்கையின் உள்மடிப்பை ஒரு தடவை மோந்துகொள்வாள். சொந்தத் தோலின் வாடை பட்டால் மூக்கு பழையபடி தெளிந்துவிடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. இந்த மூக்கைக் காப்பாற்றுவதற்காக அவள் முகத்துக்குப் பவுடர் போட்டு வருஷக்கணக்காகிறது. வாசனைச் சோப்பு கிடையாது, சென்ட் கிடையாது, வேலை நாளில் பச்சை வெங்காயம் கிடையாது. கல்யாணத்துக்குப் போனாலும் வெறும் முகத்தோடு நிற்பாள்.

"விசேஷத்துக்காவது கொஞ்சம் பவுடர் போட்டுக்கக் கூடாதா?" என்று புருஷன் கேட்பார்.

"நாளைக்குக் கேன்ல நாத்தம் போனா நீங்களா பதில் சொல்வீங்க?" என்பாள்.

அவர் அதே கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவர். பெண்டாட்டிக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசி தனக்குக் கிடைத்தால் போதும் என்று இருந்த சாது மனுஷன்.

இப்படி மகாராணியாக இருந்தவளின் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியவள் வெளியாள் இல்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைக்கிற ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி. வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். ஒல்லியாக, வெடவெடவென்று, சிரித்த முகமாக இருப்பாள். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டாள். அதுவே ஒரு குற்றமாக மூக்கக்காவுக்குப் பட்டது. கடிந்து பேசாதவளிடம் எதை வைத்துச் சண்டை போடுவது, சொல்லுங்கள்?

வினை பாலில்தான் ஆரம்பித்தது. சின்னவள் வருவதற்கு முன்பு, பால் கெட்டுவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் மாமியார் மூக்கக்காவைத்தான் கூப்பிடுவார். அவள் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். சின்னவள் வந்த புதிதில் ஒரு காலை, மூக்கக்கா மோந்துவிட்டு "நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லி முடிக்கவில்லை. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த சின்னவள் அங்கிருந்தபடியே, "அத்தை, சீக்கிரம் காய்ச்சிடுங்க. இன்னும் கொஞ்ச நேரம் வெச்சா திரிஞ்சிடும்" என்றாள். மாமியார் வேண்டுமென்றே கொஞ்சம் பாலை எடுத்து வைத்துப் பார்த்தார். திரிந்துதான் போனது. அதற்குப் பிறகு மாமியார் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போனார் என்று நான் சொல்லவே வேண்டாம். மூக்கக்கா அன்றிலிருந்து பால் விட்ட டீயையே நிறுத்திவிட்டாள்.

கொழுந்தனுக்கு வேலை போனபோது, சின்னவளைக் கம்பெனியில் சேர்த்துவிடச் சொல்லிப் புருஷன் கெஞ்சினார். மாமியாரும் சேர்ந்துகொண்டார். மறுத்தால் கெட்ட பெயர். சரி, கேன் கழுவுகிற இடத்தில்தானே, சோப்பு நுரையில் என்ன மூக்கு வேண்டிக்கிடக்கிறது என்று மூக்கக்கா முதலாளியிடம் தானே போய்ச் சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அதுதான்.

சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். எல்லாரும் டீ குடிக்கிற நேரத்தில் சின்னவள் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். பினாயில் மாதிரி இருக்கு."

"நான் ஏத்துன்னு சொன்ன கேன் அது."

"ஆமாக்கா. அதான் வேற யார்கிட்டயும் சொல்லாம உங்ககிட்டயே கொண்டு வந்தேன்."

மூக்கக்கா மோந்து பார்த்தாள். எங்கேயோ ஆழத்தில், இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க முடியாத ஒரு வாடை இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும், எனக்கு ஜலதோஷம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் சின்னவளின் முகத்தில் அப்பியிருந்த பவுடரைப் பார்த்ததும் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூஞ்சி பூரா பவுடரை அப்பிக்கிட்டு வந்துட்டு, கேன்ல வாடைங்கிறியா? உன் மூஞ்சியில இருந்துதான் வருது. போய் வேலையைப் பாரு!"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அவருக்குச் சண்டை பிடிக்காது, சோதனை பிடிக்கும். கேனில் சூடான தண்ணீரை ஊற்றி, மூடி, கொஞ்ச நேரம் வைத்துத் திறக்கச் சொன்னார். திறந்த மாத்திரத்தில் ஆஸ்பத்திரி வராந்தா போல நாறியது. லோடு ஏற்றுகிறவர் டீ கிளாஸோடு இரண்டடி பின்னால் போனார். ஊர் முன்னால் மூக்கக்கா மூக்கறுபட்டாள்.

தப்பு செய்ததுகூட அவளைச் சுடவில்லை. பவுடர்தான் சுட்டது. இத்தனை வருஷம் வெறும் முகத்தோடு, மொட்டை மரம் மாதிரி கல்யாண வீடுகளில் நின்றாளே, எதற்காக? சின்னவள் பவுடரைக் கொட்டிக்கொண்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வந்து, போகிற போக்கில் கண்டுபிடித்துவிட்டாள். கஷ்டப்பட்டுக் காப்பாற்றியது ஒருத்திக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எனக்கும் எரியும்.

மறுநாளே முதலாளி சின்னவளையும் மோப்பப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார். பெஞ்சு ஒருத்திக்கு அளவானது. மூக்கக்கா நகர்ந்து இடம் கொடுத்தபோது பாதி உடம்பு வெளியே தொங்கியது. போதாக்குறைக்கு லோடு ஏற்றுகிறவர், "சின்ன மூக்கக்கா, இந்தாங்க" என்று கேனை நீட்ட ஆரம்பித்தார். சின்ன மூக்கக்காவாம்! பெயரில்கூடப் பங்கு. சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் டப்பாவைத் திறந்து, "அக்கா, நீங்க முதல்ல எடுங்க" என்பாள். இவள் பசியில்லை என்று சொல்லிவிட்டுப் பட்டினி கிடப்பாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் மெஷின்காரன் வந்து சேர்ந்தான். கழுத்தில் டை, கையில் பெட்டி, வாயில் தேன். பெட்டிக்குள் செம்புக் கம்பி சுற்றிய குழாய் ஒன்று இருந்தது. ஒரு பச்சை விளக்கும் எரிந்தது.

"சார், தண்ணியை நீங்க வடிகட்டலாம், காய்ச்சலாம், என்ன வேணா பண்ணலாம்" என்றான் முதலாளியிடம், ஆபீஸ் அறையில் எல்லாரையும் வைத்துக்கொண்டு. "அழுக்குதான் போகும். அழுக்கோட ஞாபகம் போகாது. சாக்கடையில ஓடினது, மருந்து கலந்தது, மண்ணெண்ணெய் பட்டது எல்லாத்தையும் தண்ணி உள்ளுக்குள்ளேயே வெச்சிருக்கும். அந்த ஞாபகத்தோடதான் நாம குடிக்கிறோம். இந்தக் குழாய் வழியா ஒரு தடவை போச்சுன்னா பழசெல்லாம் மறந்துடும். பொறந்த குழந்தை மாதிரி ஆயிடும்."

முதலாளி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மூக்கக்காவுக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தன்னைப் பற்றியே யாரோ சொல்வது போலிருந்தது. பால் திரிந்த காலையை அவள் மறந்தாளா? பினாயில் கேனை மறந்தாளா? தண்ணீர் மட்டும் ஏன் மறக்க வேண்டும்?

சின்னவள்தான் கேட்டாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அப்போ மழைத்தண்ணி எல்லாம் கடல்ல இருந்துதானே சார் வருது? அதுக்கு மீன் வாடை ஞாபகம் இருக்குமா?"

ஆபீஸ் அறை குலுங்கியது. முதலாளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லோடு ஏற்றுகிறவர், "சின்ன மூக்கக்கா போட்டாங்க பாரு ஒரு போடு!" என்றார். மூக்கக்கா மட்டும் சிரிக்கவில்லை. மூக்கில் பங்கு கேட்டது போதாதென்று இப்போது வாயும் வந்துவிட்டதா இவளுக்கு என்று நினைத்தாள்.

மெஷின்காரன் அசரவில்லை. "வாதம் எதுக்கு? உங்ககிட்டயே ரெண்டு கெட்டிக்கார மூக்கு இருக்காமே. சோதிச்சுப் பாத்துடலாம்" என்று இரண்டு டம்ளர்களை மேஜைமேல் வைத்தான். ஒன்று குழாய் வழியாகப் போன தண்ணீர், மற்றது போகாதது. எது எது என்று அவன் சொல்லவில்லை.

சின்னவள் இரண்டையும் மோந்தாள், முழங்கையை மோந்தாள் (அதுவும் மூக்கக்காவிடம் கற்றதுதான்), மறுபடி மோந்தாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் சார் தெரியுது" என்றாள்.

எல்லாரும் மூக்கக்காவைப் பார்த்தார்கள். அவள் குனிந்து மோந்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே வெறுமை. ஆனால் இடது பக்க டம்ளரை மெஷின்காரன் கண் அடிக்கடி தொட்டுத் தொட்டு மீண்டதை அவள் கவனித்திருந்தாள். பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. மூக்கு சொல்லாததைக் கண் சொல்லிவிட்டது.

"வலது பக்கம் இருக்கறதுல ஒரு பழைய வாடை நிக்குது" என்றாள் நிதானமாக. "லேசா, மண்ணெண்ணெய் மாதிரி. இடது பக்கம் ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு." பிறகு சின்னவள் பக்கம் திரும்பி, "எல்லா மூக்குக்கும் பிடிபடாதும்மா" என்றாள்.

மெஷின்காரன் கை தட்டினான். "அதேதான் சார்! அதேதான்!" முதலாளி மேஜையைத் தட்டினார். "மூக்கக்கா சொல்லிட்டா முடிஞ்சுது." எத்தனை நாளாயிற்று அந்த வார்த்தையைக் கேட்டு! மூக்கக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை குளிர்ந்தது. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி வலது டம்ளரையே மோந்துகொண்டிருந்தாள். அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க இவளுக்கு விருந்து சாப்பிட்டது போலிருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பால் விட்டு டீ போட்டுக் குடித்தாள்.

மெஷின் வந்து பொருத்தப்பட்டது. பச்சை விளக்கு எரிந்தது. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு வைத்து ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "பட்ட வாடையோட ஞாபகத்தையே இந்த மெஷின் அழிச்சிடுதுன்னா, கேனை மோந்து பாக்கறது எதுக்கு? ரெண்டு ஆள் வேலை வீண்தானே?"

மூக்கக்கா வாயைத் திறந்தாள். எதைச் சொல்வது? கேனுக்கு மூக்கு வேண்டும் என்றால் மெஷின் பொய். மெஷின் பொய் என்றால் டம்ளரும் பொய். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அன்று சாயங்காலமே பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்ச் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் போட்டார்கள். சின்னவள் பழையபடி கழுவும் இடத்துக்குப் போனாள். மூக்கக்காவுக்கு, நிரப்பின கேனில் 'பழசை மறந்த தண்ணீர்' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. பசையின் நெடியில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க அந்த வரியைப் பார்த்தாள்.

சரி, பெஞ்சு எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஒற்றைக் கண் போனாலும் பரவாயில்லை, எதிராளிக்கு இரண்டும் போகட்டும் என்கிற கணக்குத்தான். அந்தத் தேறுதலும் நிலைக்கவில்லை. கழுவும் இடத்தைத் தாண்டிப் போகும்போது பார்த்தாள். சின்னவள் யாரும் சொல்லாமலே ஒவ்வொரு கேனையும் சாய்த்து, அடியில் தட்டி, மோந்து, சிலவற்றைத் தனியாக ஓரத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தாள். இவள் தட்டுகிற அதே தட்டு. பெஞ்சு இல்லாமலே அவள் மூக்கக்காவாக இருந்தாள்! அதை இவளால் தாங்க முடியவில்லை. நேராக முதலாளியிடம் போனாள்.

"ஒரு கேனைக் கழுவ அவ எவ்வளவு நேரம் எடுத்துக்கறான்னு பாருங்க. மோந்துக்கிட்டே நிக்கிறா. உங்க மெஷின் மேல நம்பிக்கையில்லன்னுதானே அர்த்தம்?"

முதலாளி போய்ச் சத்தம் போட்டார். ஒதுக்கி வைத்த கேன்களும் கழுவப்போயின. சின்னவள் அன்றைக்கு வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று மாமியார் அவளைத்தான் கேட்டார். அதுவும் மூக்கக்காவின் காதில் விழுந்தது.

வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குக் கம்பெனியே தண்ணீர் கொடுத்துவிடும். புருஷன் வண்டியில் மிஞ்சிய கேன் ஒன்றை இறக்கிக் கூடத்தில் வைத்துவிடுவார். ஒரு காலை, மாமியார் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு கையை நீட்ட, மூக்கக்கா புதுக் கேனிலிருந்து டம்ளரில் பிடித்துக் கொடுத்தாள். அடுக்களையிலிருந்து சின்னவள் ஓடி வந்தாள்.

"அத்தை, குடிக்காதீங்க! அதுல மண்ணெண்ணெய் இருக்கு!"

மாமியார் டம்ளரைச் சட்டென்று கீழே வைத்தார். மூத்த மருமகள் கையால் கொடுத்த தண்ணீரை, சின்னவள் சொன்ன ஒரு சொல்லுக்காகக் கீழே வைத்தார். மாத்திரையைக் கையில் துப்பிவிட்டார்.

"என்ன பேசறே நீ?" என்று மூக்கக்கா கத்தினாள். "மெஷின்ல போன தண்ணி இது. ஸ்டிக்கர் நானே ஒட்டினது. எனக்குத் தெரியாத வாடை உனக்குத் தெரியுதோ? ஊர்ல உனக்கு மட்டும்தான் மூக்கு, நாங்கெல்லாம் மூளியா?"

"அக்கா, கோச்சுக்காதீங்க. நீங்களே மோந்து பாருங்க."

மூக்கக்கா டம்ளரை எடுத்தாள். வாய்க்கருகே கொண்டுவரும்போதே தெரிந்துவிட்டது. பட்டப்பகல் மாதிரித் தெரிந்தது. பெயின்டர் பிரஷ் ஊறின மண்ணெண்ணெய். இதை அவள் எத்தனை தடவை "தள்ளு" என்று சொல்லியிருப்பாள்! புருஷன் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் மாடிப்படியில் நின்றான். மாமியார் உள்ளங்கையில் நனைந்த மாத்திரையோடு உட்கார்ந்திருந்தார். டம்ளரைக் கீழே வைத்தால், மறுபடி சின்னவள் சொன்னதுதான் சரி. பாலிலும் சரி, பினாயிலிலும் சரி, மண்ணெண்ணெயிலும் சரி.

கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று முழு டம்ளரையும் குடித்தாள். "ஒண்ணுமே இல்ல. நல்ல தண்ணி" என்றாள்.

அந்த வார்த்தை முடிவதற்குள் வாயைப் பொத்திக்கொண்டாள். முற்றத்துத் தொட்டியடிக்கு ஓடினாள். குடலே வந்துவிடும் போலக் குமட்டி எடுத்தாள். நெற்றியை ஒரு கை தாங்கிப் பிடித்தது. முதுகை இன்னொரு கை நீவிவிட்டது. புருஷனின் கை என்றுதான் முதலில் நினைத்தாள். பவுடர் வாசனை வந்தது. அதுதான் அவள் மூக்கு ஒழுங்காகப் பிடித்த கடைசி வாசனை.

அன்றைக்கே மூன்று நான்கு வீடுகளிலிருந்து அதே புகார் வந்தது. நல்லவேளை, யாரும் ஒரு மடக்குக்கு மேல் குடிக்கவில்லை. மூக்கக்காதான் முழு டம்ளர் குடித்த ஒரே ஆள். முதலாளி மெஷின்காரனுக்குப் போன் போட்டார், அவன் எடுக்கவில்லை. பச்சை விளக்கை அணைத்து மெஷின்மேல் சாக்கைப் போட்டு மூடினார்கள். மோப்பப் பெஞ்சு மறுபடி தகரக் கூரைக்குக் கீழே வந்தது. "மூக்கக்கா, உடம்பு தேறினதும் வந்து உக்காருங்க. அது உங்க இடம்" என்று முதலாளி சொல்லியனுப்பினார். மெஷினை வாங்கியது தன் புத்திக்கேடு என்றுதான் அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். டம்ளர் விஷயத்தை யாரும் கிளறவில்லை.

உடம்பு தேறி, அவள் வந்து உட்கார்ந்தாள். முதல் கேனைச் சாய்த்துத் தட்டினாள். மண்ணெண்ணெய். "தள்ளு." அடுத்தது. "தள்ளு." அதற்கடுத்ததும் அதே. முழங்கையை மோந்தாள். சொந்தத் தோலும் மண்ணெண்ணெயாக நாறியது.

"என்னக்கா, இன்னிக்கு ஊர் பூரா பெயின்டர்களா?" என்று லோடு ஏற்றுகிறவர் சிரித்தார்.

சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள். தள்ளிய கேன்களில் ஒன்றை எடுத்து மோந்தாள், இன்னொன்றை மோந்தாள். இவளுடைய முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், சொல்லப்போகிறாள், முதலாளியைக் கூப்பிடப் போகிறாள் என்று மூக்கக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சின்னவள் யாரையும் கூப்பிடவில்லை. பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஒவ்வொரு கேனையும் இவள் மோந்து முடித்ததும் வாங்கித் தானும் ஒரு இழுப்பு இழுத்தாள். கெட்ட கேனாக இருந்தால் இவள் தோளை ஒரு விரலால் தொட்டாள். தொட்டால் இவள் "தள்ளு" என்றாள். தொடாவிட்டால் "ஏத்து" என்றாள். ஒருவருக்கும் தெரியவில்லை.

நாட்கள் அப்படியே போயின. டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சரியானாலும் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். சாப்பாடு, தலையணை, புருஷனின் சட்டை எல்லாம் அவளுக்கு ஒரே நாற்றம் நாறியது. தோற்றுவிட்டால் பொறாமை அடங்கிவிடும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்பு சின்னவளின் மூக்கைப் பார்த்து எரிந்தவள், இப்போது அவள் மனதைப் பார்த்து எரிந்தாள். அந்த ஒற்றை விரல் ஒவ்வொரு முறை தோளில் பட்டபோதும் சூடு வைத்தது போலிருந்தது. நாலு பேர் முன்னால் தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.

ஒரு சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மூக்கக்கா தாங்க முடியாமல் கேட்டாள்.

"அன்னிக்கு ஆபீஸ் ரூம்ல, அந்த ரெண்டு டம்ளர்ல உனக்கு நெஜமாவே வித்தியாசம் தெரியலையா?"

"தெரியலைக்கா."

"நான் பொய் சொல்றேன்னு தோணலையா?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எதுக்குக்கா பொய் சொல்லப் போறீங்க? எனக்குப் பிடிபடாதது உங்களுக்குப் பிடிபடுதுன்னுதான் நெனச்சேன். அதுக்கப்புறம் தினமும் அந்தத் தண்ணியை எடுத்து மோந்து மோந்து பாத்தேன். கழுவற இடத்துல நான் நின்னது அதுக்கும்தான். உங்க அளவுக்கு எப்ப வரும்னு பொறாமையா இருந்துச்சுக்கா."

சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூக்கக்கா கையிலிருந்த துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன் மூக்கக்கா கண்ணாடி முன்னால் நின்றாள். சின்னவளின் அலமாரியிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தாள். உள்ளங்கையில் தாராளமாகக் கொட்டி முகத்தில் பூசினாள், கழுத்தில் பூசினாள். பழக்கம் விட்டுப்போனதால் திட்டுத்திட்டாக நின்றது. கையை மோந்து பார்த்தாள். மண்ணெண்ணெய்தான். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷன் ஏதோ கேட்க வாயெடுத்தார், பிறகு குனிந்து வண்டியையே துடைத்தார்.

கம்பெனி வாசலில் அவளைப் பார்த்ததும் எல்லாரும் கைவேலையை விட்டுவிட்டு நின்றார்கள். பவுடர் போட்ட முகத்தோடு யாரும் அவளை அங்கே பார்த்ததில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அவள் மோப்பப் பெஞ்சைத் தாண்டி நேராகக் கழுவும் இடத்துக்குப் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். அங்கே நின்றிருந்த சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, என்னக்கா இது?" என்றாள்.

வாசலில் கேன் வண்டி வந்து நின்றது. "மூக்கக்கா! லோடு வந்துடுச்சு!" என்று குரல் வந்தது.

சின்னவள் திரும்பவில்லை. இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கக்கா கேனுக்குள் பிரஷ்ஷை விட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"உன்னைத்தான் கூப்பிடறாங்க. போ."